குடியும் நபரும்: பாரி மகளிரும் நெய்வேலியின் வந்தாரங்குடியும்

கேள்வி

நெய்வேலி நகரியத்தில் முகவரி சொல்வது எளிது. வட்டம் இத்தனை, சாலை இன்னது, குடியிருப்பு எண் இது. மூன்றே துண்டுகளில் ஆட்டோக்காரருக்கு விளங்கிவிடும். நகரியத்தின் வாசலைத் தாண்டி மந்தாரக்குப்பம் பக்கமோ சேத்தியாத்தோப்புச் சாலையிலோ போய் ஒருவரிடம் "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டால், பல வேளைகளில் பதில் இரண்டு வாக்கியமாக வரும். "இப்ப இருக்கறது இங்கதான். பூர்வீகம் சுரங்கத்துக்குள்ள போயிடுச்சு." முதல் வாக்கியத்தில் இருப்பு, இரண்டாவதில் ஊர். இரண்டுக்கும் நடுவே அவர் ஒரு கணம் நிறுத்துகிறார். அந்த நிறுத்தம்தான் இக்கட்டுரைக்குத் தொடக்கம்.

தனிமனிதனையும் அவனைச் சூழ்ந்த சமூகத்தையும் இலக்கியம் எப்படிப் பார்த்திருக்கிறது என்பது பழைய கேள்வி. ஐரோப்பிய நாவல் மரபைக் கொண்டு அதற்கு விடை தேடுவதே நம் கல்விக்கூடங்களின் வழக்கம். சமூகத்தின் கட்டுக்கு எதிராக ஒருவன் எழுகிறான், வெல்கிறான் அல்லது நொறுங்குகிறான். தமிழ்ச் செவ்விலக்கியத்தின் மேல் இந்தச் சட்டகத்தை வைத்தால் பாதிக்கு மேல் வெளியே தொங்குகிறது. நம் பழம்பாடல்களில் மனிதன் முதலில் ஒரு 'குடி'. அவன் ஊரோடும் நிலத்தோடும் தன்னைக் காட்டிக்கொள்கிறான், அவனைப் பிறரும் அப்படியே காட்டுகிறார்கள். அந்த நிலம் காலுக்கடியிலிருந்து எடுக்கப்பட்டால் மிஞ்சுகிறவர் யார்? புறநானூற்றில் புலவர் கபிலரும், பறம்புமலைத் தலைவன் பாரியின் மகளிரும் இந்தக் கேள்வியின் முன் நிற்கிறார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு கழித்து, நெய்வேலியைச் சூழ்ந்த நடுநாட்டில் கண்மணி குணசேகரனின் 'வந்தாரங்குடி' நாவல் அதே இடத்தில் வந்து நிற்கிறது. இரண்டையும் சேர்த்து வாசிப்பதே என் முயற்சி.

இதுவரை சொல்லப்பட்டவை

சங்கப் பாடல்களில் மனிதன் எப்படி இருக்கிறான் என்பது பற்றி இரண்டு வலுவான வாசிப்புகள் உண்டு. க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில நூலில் புறப்பாடல்களை வீரயுகக் கவிதையாகக் கண்டு கிரேக்கப் பாடல்களோடு ஒப்பிட்டார். புகழ், கொடை, மறம் ஆகியவற்றால் ஆன தலைவன் அங்கே மையம். கார்த்திகேசு சிவத்தம்பி 1970களில் திணைக் கோட்பாட்டைச் சமமற்ற பொருளாதார வளர்ச்சியின் சுவடாக விளக்கினார். அவர் வாசிப்பில் நிலமும் உற்பத்தியும் முன்னே வருகின்றன, மனிதன் அவற்றின் விளைவு. ஏ.கே. ராமானுஜன் 1967இல் அகப்பாடல்களின் நிலத்தை மனத்தின் நிலமாகப் படித்தது மூன்றாவது வழி. உலகமே வியந்த வழி அது. ஆனால் நிலத்தை உருவகமாக்கிவிட்ட பிறகு, நிலம் பறிபோனவனின் வலியைப் பேச அங்கே இடம் குறுகிவிடுகிறது.

நாவல் பற்றிய பொதுப்புரிதல் வேறு. 1957இல் இயன் வாட் எழுதிய நூலுக்குப் பிறகு, நாவல் என்பது தனிமனிதனோடு பிறந்த வடிவம் என்பது பாடப்புத்தகக் கருத்தாகிவிட்டது. ஆக, செவ்விலக்கியத்தில் குடி, நாவலில் தனிமனிதன் என்ற வளர்ச்சிக் கோடு ஒன்றை நாம் கேள்வியின்றி ஏற்றிருக்கிறோம். நெய்வேலியைச் சுற்றி எழுதப்பட்டவற்றை வாசிக்கும்போது இந்தக் கோடு நேராக இல்லை என்று தெரிகிறது.

தொல்காப்பியம் இங்கே கவனிக்கத் தக்கது. அகத்திணையில் தலைவனுக்கும் தலைவிக்கும் இயற்பெயர் சுட்டக் கூடாது என்பது அதன் விதி. பெயர் வந்தால் அது புறமாகிவிடும். அதாவது மனிதனின் உள்ளுணர்வைப் பேச நம் மரபு பெயரை விலக்கியது, ஊரறிந்த வாழ்வைப் பேசப் பெயரைக் கேட்டது. உள்ளம்தான் தனிமனிதனின் இருப்பிடம் என்று பழகிய இன்றைய வாசகனுக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

பறம்பு: மலையை விட்டு இறங்கியவர்கள்

புறநானூற்றில் 105ஆம் பாட்டிலிருந்து 120 வரை பெரும்பாலும் பாரியையும் பறம்பையும் பற்றியவை. மூவேந்தர் முற்றுகை, பாரியின் மரணம், அதன்பின் கபிலர் அவன் பெண்களை அழைத்துக்கொண்டு மலையை விட்டு இறங்குவது என்று ஒரு தொடர்கதை இந்தச் சிறு பாடல்களுக்குள் சிதறிக் கிடக்கிறது.

109ஆம் பாட்டில் கபிலர் பறம்பின் விளைச்சலைக் கணக்குப் போடுகிறார். உழவர் உழாமலே அந்த மலையில் நான்கு கிடைக்கும்: மூங்கில் நெல், பலாச்சுளை, வள்ளிக்கிழங்கு, தேன். முற்றுகையிட்டவர்களிடம் சொல்லப்படும் இந்தப் பட்டியல் ஒரு சொத்து விவரம் போலவே இருக்கிறது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் விளையும் செம்மண் மேட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைப் படிக்கும்போது மூக்கில் ஒரு மணம் ஏறும். நிலத்தின் மதிப்பை யாரிடமாவது சொல்லிக் காட்ட வேண்டிய கட்டாயம் வரும்போதுதான் மனிதன் இப்படிப் பட்டியல் போடுகிறான். வாழும் காலத்தில் யாரும் பலாமரத்தை எண்ணுவதில்லை. நில எடுப்பு அலுவலர் வருகிறார் என்று தெரிந்தால்தான் எண்ணிக்கை தொடங்குகிறது. மரம் எத்தனை, கிணறு எத்தனை, ஓட்டு வீடா கூரையா.

112ஆம் பாட்டு பாரி மகளிர் பாடியதாகத் தொகுக்கப்பட்டது. போன திங்களின் நிலவில் தந்தை இருந்தார், குன்றும் தங்களிடம் இருந்தது, இந்தத் திங்களின் நிலவில் இரண்டும் இல்லை என்பது அதன் சாரம். தமிழ் படித்தவர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. ஆனால் இந்தத் தொகுதியில் என்னை அதிகம் நிறுத்துவது 116. குன்றை இழந்த பெண்கள் இப்போது யாருடைய ஊரிலோ ஒரு சிறு வீட்டில் இருக்கிறார்கள். போகும் வழியில் புல் மண்டியிருக்கிறது. முள்வேலி. முற்றத்தில் பஞ்சு. பீர்க்கும் சுரையும் படர்ந்த ஒரு பக்கம். அங்கே ஈத்திலைகளுக்கு நடுவே கிடக்கும் குப்பைமேட்டில் ஏறி நின்று, தெருவில் போகும் உப்பு வணிகரின் வண்டிகளை எண்ணுகிறார்கள். ஒரு காலத்தில் இதே பெண்கள் உயர்ந்த மலையில் நின்று தந்தையோடு போரிட வந்த அரசர்களின் குதிரைகளை எண்ணியவர்கள்.

எண்ணுவது மாறவில்லை. ஏறி நிற்கும் இடமும் எண்ணப்படும் பொருளும்தான் மாறிவிட்டன. கபிலர் இதைத் துயரம் என்று விளக்கிக்கொண்டிருக்கவில்லை. அந்த மேட்டை மட்டும் காட்டிவிட்டு, நோகிறேன் என்கிறார். இடப்பெயர்வு பற்றி நான் படித்த எத்தனையோ அறிக்கைகளில் இவ்வளவு துல்லியம் இல்லை.

118இல் இன்னொரு நுணுக்கம். எட்டாம் நாள் பிறை போல் வளைந்த கரை கொண்ட, தெளிந்த நீருள்ள பறம்பின் சிறுகுளம் ஒன்று உடைகிறதே என்கிறார். பாரி போனதும் மரம் பட்டுப்போனதாகவோ வானம் அழுததாகவோ அவர் பாடவில்லை. குளக்கரை உடைகிறது, கவனிக்க ஆளில்லை. சமூகம் என்பது குளக்கரையை அடைக்கும் கைகளின் தொகுப்பு என்று இதைவிடச் சுருக்கமாக எந்தச் சமூகவியல் நூலும் எனக்குச் சொல்லவில்லை.

மூன்று முடிவுகள்

நிலம் இழந்த அந்தப் பெண்கள் கடைசியில் என்ன ஆனார்கள்? சான்றுகளைச் சற்று நிதானமாக எடைபோட வேண்டிய இடம் இது.

கபிலர் அவர்களைக் குறுநிலத் தலைவர்களான விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் கொண்டு சென்றதைப் புறநானூற்றின் 200, 201, 202 ஆகிய பாடல்கள் காட்டுகின்றன. 201இன் அமைப்பே ஓர் அறிமுகக் கடிதம். இவர்கள் யார் என்று நீ கேட்டால் என்று தொடங்கி, இவர்கள் இன்னாருடைய மக்கள், நான் அவன் தோழன், நீ இன்ன மரபில் வந்தவன், ஆகவே இவர்களை ஏற்றுக்கொள் என்று நகர்கிறது. இருங்கோவேள் ஏற்கவில்லை. 202இல் கபிலரின் கோபம் கொப்பளிக்கிறது.

அதற்குப் பிறகு கதை மூன்றாகப் பிரிகிறது. 236ஆம் பாட்டின் அடிக்குறிப்பு, பெண்களைப் பார்ப்பனரிடம் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்தார் என்கிறது. திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள, முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு பாரியின் பெண்ணைக் கபிலர் திருக்கோவலூர்த் தலைவன் மலையனுக்கு அளித்துவிட்டுத் தீயில் புகுந்தார் என்கிறது. பெண்ணையாற்றுக்குள் இருக்கும் கபிலக்கல்லை ஊர்மக்கள் இன்றும் காட்டுகிறார்கள். பிற்காலத் தனிப்பாடல் மரபில் கபிலர் விலகிவிட, ஔவையார் வருகிறார், அங்கவை, சங்கவை என்று பெண்களுக்குப் பெயரும் வருகிறது, திருமணம் திருக்கோவலூரிலேயே நடக்கிறது.

இவற்றில் எது நடந்தது என்று கேட்பது வீண். அடிக்குறிப்புகள் தொகுப்புக் காலத்தவை, கல்வெட்டு பல நூற்றாண்டு பிந்தியது, தனிப்பாடல் அதற்கும் பிந்தியது. எந்த வரிசையில் வந்தன என்று பார்ப்பதே பயன் தரும். காலம் போகப் போக முடிவு இனிமையாகிறது. ஒப்படைப்பு திருமணமாகிறது, பெயரில்லாத பெண்கள் பெயர் பெறுகிறார்கள், அரச குடும்பம் கிடைக்கிறது. நிலமற்றுத் திரிந்த இருவரை ஏதாவது ஒரு குடிக்குள் சேர்த்துவிட வேண்டும் என்று மரபுக்கு ஓர் அவசரம் இருந்திருக்கிறது. குடியற்ற பெண் ஒருத்தி கதைக்குள் அப்படியே நிற்பதை அதால் பொறுக்க முடியவில்லை. அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் சங்கப் பாடல்களில் எங்கும் இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே அவர்கள் பாரி மகளிர் மட்டுமே. மலை போன பிறகும் தந்தையின் பெயர்தான் அவர்களின் பட்டா.

1894

ஒரு தற்செயல். உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை முதன்முதலில் அச்சிட்டது 1894. ஆங்கிலேய அரசு நில எடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்ததும் 1894. குடியை நமக்கு மீட்டுத் தந்த நூலும் குடியைக் கலைக்கும் கருவியும் ஒரே ஆண்டில் அச்சேறின. இதிலிருந்து பெரிய தத்துவம் எதையும் நான் இறக்கப் போவதில்லை. ஆனால் இரண்டும் மனிதனை எந்தச் சொல்லால் அழைக்கின்றன என்று பார்க்கலாம்.

குடி என்ற சொல்லுக்குள் வீடு, குடும்பம், மரபு, ஊர், அரசனுக்கு வரி செலுத்துபவன் எல்லாம் அடங்கும். திருக்குறளில் 'குடிமை', 'குடிசெயல்வகை' என்று இரண்டு அதிகாரங்களே இருக்கின்றன. வெள்ளைக்குடி நாகனார் என்ற புலவர் சோழன் கிள்ளிவளவனிடம் பாடி, பழைய நிலவரிப் பாக்கியைத் தள்ளுபடி செய்துகொண்டார் என்று 35ஆம் புறப்பாட்டின் குறிப்பு சொல்கிறது. பாட்டாக எழுதப்பட்ட மனு அது. ஏழாம் நூற்றாண்டில், பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவாமூரில் பிறந்த அப்பர், அரசன் அழைத்தபோது எவருக்கும் தாம் குடி இல்லை என்று மறுத்துப் பாடினார். அரசனை மறுக்கவும் அவருக்கு அதே சொல்தான் தேவைப்பட்டது.

வருவாய்த்துறைத் தமிழ் 'நபர்' என்று எழுதும். அரபு வழி வந்து கச்சேரிகளில் குடியேறிய சொல். 1894 சட்டத்தின் கண்ணில் இழப்பீடு பெறத் தகுந்தவர் நிலத்தில் உரிமை உள்ள நபர். அந்த நிலத்தில் தலைமுறையாகக் கூலிக்கு நாற்று நட்டவள், கரையில் ஆடு மேய்த்தவன், அறுவடைக்குப் பின் தாள் பொறுக்கியவள் யாரும் அந்தச் சொல்லுக்குள் வரவில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம்தான் விவசாயக் கூலிகளையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. நெய்வேலியின் பெரும்பகுதி நிலம் அதற்கு முன்பே கைமாறிவிட்டது.

பள்ளத்தின் விளிம்பு

நெய்வேலியின் கதை நூறு முறை சொல்லப்பட்டது, ஆகவே சுருக்கமாக. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கறுப்புப் பொருள் ஒன்று வந்தது. ஆய்வுகள் தொடர்ந்தன. 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது, 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார், 1961இல் பழுப்பு நிலக்கரி அடுக்கைத் தொட்டார்கள், 1962இல் மின்சாரம் வந்தது. சோவியத் உதவியில் அனல்மின் நிலையம், ஜெர்மன் நாட்டு எந்திரங்கள். தமிழ்நாட்டின் பல வீடுகளில் விளக்கு எரிந்தது இங்கிருந்துதான். இதை மறந்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது.

இந்தச் சுரங்கம் ஆள் இறங்கும் குழி அல்ல. எமில் ஜோலா 1885இல் எழுதிய 'ஜெர்மினல்' நாவலில் தொழிலாளர்கள் கூண்டில் ஏறி இருட்டுக்குள் இறங்குகிறார்கள். ஏத்தியன் என்ற அந்நியன் வேலை தேடி வந்து, அந்த இருட்டிலிருந்து சமூகத்துக்கு எதிராக எழுகிறான். மோதல் குழிக்குள்ளேயே இருக்கிறது. நெய்வேலியில் மேல்மண்ணை முழுதாக அகற்றுகிறார்கள். வாளிகள் கோத்த பெருஞ்சக்கரம் ஒன்று மெல்லச் சுற்றி நிலத்தைச் சீவுகிறது. அறுபது, எழுபது மீட்டர் மண்ணை எடுத்த பிறகுதான் நிலக்கரி. அதன் அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்பதால், அடுக்கு வெடித்து நீர் பொங்காதிருக்க இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நீரின் ஒரு பகுதி பரவனாறு வழியாக வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்ப் பாசனத்துக்கு உதவுகிறது. ஒருவன் கிணறு வற்றிய நீரில் இன்னொருவன் நடவு நடுகிறான். இதை நல்லதென்றோ கெட்டதென்றோ ஒரே சொல்லில் முடிக்க என்னால் ஆகாது.

எனவே இங்கே நாவலுக்கான மோதல் சுரங்கத்துக்குள் இல்லை. உள்ளே நிரந்தரத் தொழிலாளிக்குச் சம்பளம், குவார்ட்டர்ஸ், மருத்துவமனை, பிள்ளைகளுக்குப் பள்ளி எல்லாம் இருக்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளியின் கதை வேறு, அவர்களின் போராட்டங்கள் தனிக் கட்டுரைக்கு உரியவை. நிலம் போனவனின் மோதல் பள்ளத்தின் விளிம்பில் நிகழ்கிறது. விளிம்போ ஒரு கோடு மட்டும், அது ஆண்டுதோறும் நகரும். இன்று விளிம்பில் இருக்கும் ஊர் நாளை பள்ளம். ஜோலாவை வைத்துக்கொண்டு நெய்வேலி நாவலைத் தேடுபவர்களுக்கு ஏமாற்றம் கிடைப்பது இதனால்தான்.

பறம்போடு ஒப்பிட்டாலும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பாரி மகளிர் இழந்தது உடைமையை. மலை அங்கேயே நின்றது. தூரம் போன பிறகும் இங்கே நின்று பார்த்தால் தெரிகிறது, இன்னும் சற்றுத் தள்ளி நின்றாலும் தெரிகிறது என்று 114ஆம் பாட்டு திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. நெய்வேலியில் திரும்பிப் பார்க்க மலையே இல்லை. நிலத்தையே அள்ளி வேறிடத்தில் கொட்டியிருக்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் இன்று உயர்ந்து தெரிபவை அந்த மண்மேடுகள்தான். அவற்றின் மேல் மரம் வளர்த்திருக்கிறார்கள். சிலப்பதிகாரம் பாலையைத் தனி நிலமாகச் சொல்லாமல், முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு எடுக்கும் வடிவம் என்று சொன்னது. வெயில் கொளுத்தியதால் வந்த வடிவம் அது, மழை பெய்தால் முல்லை முல்லையாகும். அடியோடு பெயர்க்கப்பட்ட நிலத்துக்குத் தொல்காப்பியத்திலும் திணை இல்லை, இளங்கோவிடமும் இல்லை.

வந்தார் யார்?

கண்மணி குணசேகரன் விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லைக்காரர். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். 1999இல் வந்த 'அஞ்சலை' அவரைத் தமிழ் வாசகர்களிடம் நிலைநிறுத்தியது. மாப்பிள்ளை என்று வேறொருவனைக் காட்டி ஏமாற்றி மணமுடிக்கப்பட்ட ஒரு கூலிக்காரப் பெண்ணின் கதை. பாரி மகளிருக்குச் சங்கப் பாடலில் கிடைக்காத இயற்பெயர் இவளுக்கு நூலின் அட்டையிலேயே கிடைத்தது. ஆனால் ஊரின் வாய், உறவின் வாய், கொல்லையின் வரப்பு ஆகியவற்றுக்கு வெளியே அஞ்சலை ஒரு பக்கம்கூட நிற்பதில்லை. தனிமனித நாவல் என்று இதை யாராவது அழைத்தால், குணசேகரனே சிரிப்பார் என்று நினைக்கிறேன்.

'வந்தாரங்குடி' சுரங்கத்துக்கு நிலத்தையும் வீட்டையும் விட்டுக்கொடுத்துவிட்டு வேற்றூரில் குடியேறியவர்களைப் பற்றியது. தலைப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அதற்குள்ளேயே வேண்டியது இருக்கிறது. வந்தாரங்குடி என்றால் வந்தேறிய குடி. ஊரில் முன்பே இருப்பவர்கள் புதிதாக வந்தவர்கள்மேல் ஒட்டும் பெயர். இதில் உள்ள கேலி கவனிக்கத் தக்கது. நெய்வேலிக்கு உண்மையில் வந்தவர்கள் யார்? பொறியாளர்களும் எழுத்தர்களும் மருத்துவர்களும் பல மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் வந்தார்கள். அவர்களுக்குக் குடியிருப்பு எண் கிடைத்தது. அந்த இடத்தில் இருந்தவர்கள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனார்கள், அவர்களுக்கு வந்தாரங்குடி என்ற பெயர் கிடைத்தது. வந்தவன் குடியானான், குடி வந்தவனானான்.

கபிலரின் 201ஆம் பாட்டை இங்கே மீண்டும் எடுத்து வைக்கலாம். இவர்கள் யார் என்று நீ கேட்டால் என்ற தொடக்கத்தில், கேள்வி கேட்கும் உரிமை எதிரே இருப்பவனிடம் இருக்கிறது. பதில் சொல்லும் கடமை கபிலர்மேல். குணசேகரன் ஏற்றுக்கொண்டிருப்பதும் கபிலரின் அதே வேலைதான். அரசனின் இடத்தில் இப்போது வாசகன் இருக்கிறான். நாவல் தனிமனிதனின் தனிமையிலிருந்து பிறந்தது என்ற கோட்பாடு இங்கே பொருந்தவில்லை. குடியற்றுப் போனவர்களை இன்னொரு கூட்டத்தின் முன் நிறுத்தி அறிமுகம் செய்யும் பழைய புலவன் வேலையே உரைநடையாகியிருக்கிறது. ஆனால் கபிலரைப் போல் இவர்கள் வேளிர் மரபினர் என்று சொல்லி மதிப்பு ஏற்ற குணசேகரனுக்கு வாய்ப்பில்லை. அவரிடம் இருப்பது பேச்சுதான். அதனால்தான் போலும், நாவல் எழுதும் கையாலேயே 'நடுநாட்டுச் சொல்லகராதி' ஒன்றையும் தொகுத்து 2007இல் வெளியிட்டார். நிலம் போனால் அந்த நிலத்தின் கருவிகளுக்கும் களைகளுக்கும் வரப்புகளுக்கும் உரிய பெயர்கள் வாயிலிருந்து உதிரத் தொடங்கும். அகராதி அந்தக் குளக்கரையை அடைக்கும் வேலை.

குடிக்குள் குடி

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, இழந்த ஊர் ஒரு சொர்க்கம் என்று யாராவது முடிவுகட்டினால் அது என் பிழை. குடி என்ற சொல்லுக்குள் படிக்கட்டுகள் உண்டு. புறநானூற்றின் 335ஆம் பாட்டு நான்கு குடிகளை மட்டும் எண்ணி, இவையன்றிக் குடியில்லை என்று அடித்துச் சொல்கிறது. பின்னாளில் தாழ்த்தப்பட்ட சிலர் அந்தப் பட்டியலில் இருப்பதைச் சிலர் பெருமையாகவும் சிலர் புதிராகவும் வாசித்திருக்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. குடி என்று எண்ணத் தொடங்கும்போதே எண்ணப்படாதவர்களும் உருவாகிவிடுகிறார்கள்.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) இந்த இடத்தில் தவிர்க்க முடியாதது. அதே கடலூர் மாவட்டத்துப் பேச்சு. ஆரோக்கியம் புதிரை வண்ணார் சமூகத்தைச் சேர்ந்தவள். காலனிக்கு உள்ளேயே, காலனிக்குத் துணி வெளுத்து, ராச்சோறு எடுத்து, களத்தில் தானியம் வாங்கி வாழ்பவள். ஊருக்கு அவள் வேண்டும், ஊரில் அவளுக்கு இடமில்லை. காலம் மாறும்போது அவளுக்கு நிலம் போகவில்லை, போக நிலமே இல்லை. போனது அவள்மேல் இருந்த தேவை. அப்படியொரு ஆரோக்கியம் சுரங்கத்துக்குப் போன ஊர் ஒன்றில் இருந்திருந்தால் எந்தப் பதிவேட்டில் வந்திருப்பாள்? உரிமையுள்ள நபர் இல்லை, இழப்பீடு இல்லை. ஊர் மொத்தமாகக் கலைந்து ஆளுக்கொரு திசையாகப் போன பிறகு அவள் துணி வெளுக்க வேண்டிய வீடுகளும் இல்லை. ஆனால் அந்த ஊரின் இழிவிலிருந்து தப்பிக்கும் வாசலும் அவளுக்கு அங்கேயேதான் திறந்திருக்கும். நகரியத்தின் நேர்கோட்டுத் தெருக்களில் யார் எந்தக் குடி என்று வீட்டு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. நபர் என்ற வறண்ட சொல்லுக்கு இந்த ஒரு கருணை உண்டு. குடியின் கதகதப்பைப் பாடுபவர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள்.

யானையின் கால்

பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொன்ன அறிவுரை 184ஆம் பாட்டாக நிற்கிறது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால், ஒரு மாவுக்கும் குறைந்த நிலத்து விளைச்சல்கூட யானைக்குப் பல நாளைக்கு வரும். அதே யானை தனியே வயலுக்குள் புகுந்தால், நூறு வயலானாலும் அதன் வாயில் போவதைவிடக் காலில் மிதிபட்டு அழிவதே அதிகம். அரசன் வரி வாங்கும் முறைக்கு இது உவமை.

2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட, நெற்பயிர் நின்ற வயல்களுக்குள் மண்வாரி எந்திரங்கள் இறங்கின. பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டு இழப்பீடு தரப்பட்ட நிலம் என்பது நிறுவனத்தின் வாதம். பதிவேட்டின்படி அது சரியாகவே இருக்கலாம். பச்சைப் பயிரின் மேல் இரும்புச் சங்கிலி ஏறும் காட்சி தமிழ்நாடெங்கும் போனது. போராட்டமும் வழக்கும் வந்தன. சென்னை உயர்நீதிமன்றம் அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது. அந்தத் தொகை நிலம் யாருடையது என்று பார்க்கவில்லை, நின்ற பயிரை மட்டும் பார்த்தது. பிசிராந்தையாரும் யானை யாருடையது என்று கேட்கவில்லை, காலை மட்டுமே பார்த்தார்.

நெய்வேலியில் 1998இலிருந்து புத்தகக் கண்காட்சி நடந்துவருகிறது. வட்டம் 11, லிக்னைட் அரங்கம். பறம்பின் பாடல்களும் வந்தாரங்குடியும் ஒரே அரங்கில் சில அடி இடைவெளியில் அடுக்கியிருப்பதை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுநாள் காலை சுரங்க விளிம்புப் பக்கம் போனேன். தேநீர்க் கடையில் என்னோடு நின்ற பெரியவரிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். வழக்கமான இரண்டு வாக்கியம் வந்தது. எந்தப் பக்கம் இருந்தது உங்கள் ஊர் என்றேன். கீழே காட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடித் தம்ளரை வைத்துவிட்டு, எங்கள் இருவருக்கும் நேரே, பள்ளத்தின் மேலே விரிந்திருந்த வெற்றுவெளியைக் கையால் காட்டினார்.

"அதோ கொக்கு ஒண்ணு போவுது பாருங்க தம்பி, அந்த மட்டத்துலதான் எங்க வாசலு. கீழ இருக்கறதுலாம் அப்ப மண்ணு."

கொக்கு அவர் வாசலைக் கடந்து போனது.